தலைக்கு மேல் என் பெயர்

ஒரு மனிதனின் தலைக்கு மேலே இருக்கத் தகுதியுள்ளவை இரண்டே. ஒன்று ஆண்டவர், மற்றது அவனவன் பெயர். இடையில் வேறு எவன் பெயரும் வரக் கூடாது. இந்த மகத்தான உண்மையை உலகுக்கு உணர்த்தியவன் திருவொற்றியூரில் வசிக்கும் கருப்பட்டி வியாபாரி ஞானதுரை. அதாவது, அடியேன்.

இந்தப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் என் வாழ்க்கையின் துயரம். தெற்கேயிருந்து வந்து கல்மண்டபத்தில் கடை போட்டு இருபது வருஷமாகியும் ஊருக்கு நான் ‘கருப்பட்டிக்காரர்’தான். கடைப் பலகையில்கூட என் மாமனார் பெயர்தான் இருக்கிறது. போட்ட முதல் அவருடையது.

ஆகவே பெயர் நிலைக்க ஒரு காரியம் செய்யத் தீர்மானித்தேன். சீமைக்குத் திரும்பிவிட்ட ஒரு மானேஜரின் பங்களாத் தோட்டத்தில் ‘சம்மர் ஹவுஸ்’ என்று ஒன்றைப் பார்த்திருந்தேன். நாலு பக்கமும் திறப்பு, மரத்தூண், மரச்சட்டம், மேலே ஓடு. உள்ளே உட்கார்ந்தால் மனிதனுக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உண்டாகும். அதே மாதிரி என் தோட்டத்தில், முருங்கைக்கும் கிணற்றுக்கும் நடுவே, தேக்கில் ஒன்று எழுப்பினேன். நான் அதைக் ‘கோடை மாளிகை’ என்றேன். அக்கம்பக்கத்தில் ‘கொட்டாய்’ என்றார்கள்.

சட்டம் நின்றது. ஓடு பாக்கி. நாடு முழுவதும் முதல் தேர்தல் வந்து ஓட்டுப் பேச்சாக இருந்த வருஷம். எங்கள் வீட்டிலும் ஓட்டுப் பேச்சுதான். உடனே ‘ஓடு தேர்வுக் கமிட்டி’ அமைத்தேன். தலைவர் நான். காரியதரிசியும் நான். என் மனைவி செல்லக்கனி அங்கத்தினர்; அவளுக்கு வாக்குரிமை இல்லை, காப்பி போடும் உரிமை உண்டு.

நாட்டு ஓடு முதல் அமர்விலேயே கௌரவக் குறைவு என்று தள்ளப்பட்டது. அடுத்து, மாதிரிக்கு வந்த மங்களூர் ஓட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் யாரோ ஒரு கம்பெனிக்காரன் பெயர்! என் மாளிகையில் நான் சாய்ந்து அண்ணாந்தால், நூற்றுக்கணக்கான தடவை எவனோ ஒருவன் பெயரையா படிக்க வேண்டும்?

“அத யாரு படிக்கப் போறா?” என்றாள் செல்லக்கனி.

“நான் படிப்பேன்.”

“அப்பம் அண்ணாந்து பாக்காதிய.”

அங்கத்தினரின் கருத்து பதிவு செய்யப்படவில்லை. ஓட்டு ஆலைக்கு எழுதி, ‘ஞானதுரை, திருவொற்றியூர்’ என்று தனி அச்சு வெட்டச் சொன்னேன். தனி அச்சு என்றால் ஆயிரக்கணக்கில்தான் அடிப்பார்களாம். அடிக்கட்டும் என்றேன். பெயர் மிஞ்சிப்போனால் நஷ்டமா?

ஓடு வந்தது. ஆசாரி ஏற்றி முடித்ததும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஞானதுரை, ஞானதுரை, ஞானதுரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஓட்டுக்கு அடியில பலகை அடிச்சிருங்க,” என்றாள் செல்லக்கனி. “நாலு பக்கமும் தொறந்து கெடக்கு. கடக்காத்து கீழ பூந்துல்லா ஓட்டத் தூக்கும்? மதிலுக்கு அந்தப் பக்கம் அடைக்கலமேரி பிள்ளையத் தூளியில போட்டிருக்கா. அவ வீடு வெறும் ஓலக் கீத்து.”

“பலகை அடிச்சா பேரு மறஞ்சிரும்.”

“கம்பியாவது போட்டுக் கட்டுங்க.”

“கம்பி சரியா ‘துரை’ மேல வருது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுவும் பதிவாகவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. கல்மண்டபத்து வியாபாரிகள் எல்லாரும் வந்து முறுக்கும் காப்பியுமாக உட்கார்ந்தார்கள். “என்ன வே, மேல பூரா ஒம்ம பேரால்லா இருக்கு!” என்றார் மிளகாய் மண்டி தங்கப்பாண்டி. நான் அடக்கத்தோடு எழுந்து, “பெரியோர்களே,” என்று ஆரம்பித்தேன். காற்றும் ஆரம்பித்தது.

முதலில் ஒரு ஓரம் கடகடவென்றது. பிறகு ஒரு வரிசை எழுந்தது. பிறகு அடுத்த வரிசை. பெயர் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். மதிலைத் தாண்டியே பரவியது. பெரியோர்கள் முறுக்கோடு என் வீட்டுக்குள் ஓடினார்கள்.

காற்று அடங்கியதும் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“இங்க யாருபா ஞானதுரை?”

அடைக்கலமேரியின் புருஷன் சவரிநாதன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இத்தனை வருஷமாக என்னை ‘நைனா’ என்று மட்டுமே கூப்பிட்டவர். என் பெயரை அவர் வாயால் கேட்டதும் ஒரு கணம் உள்ளம் குளிர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். “நான்தான்!” என்று பெருமையோடு முன்னால் போனேன்.

“நீயா நைனா? கொயந்த தூளில கீது ஒம் பேரு.” கையிலிருந்த ஓட்டைத் திருப்பிக் காட்டினார். “கூரையப் பொத்துக்கினு வந்து வுயுந்துச்சி. எம் பொஞ்சாதி கொயந்தயத் தூக்கினு கோயிலுக்குப் போயிருந்தா. அதால பொயச்சான் லியோனார்டு. கல்லறைக்குக் கல்லுகூட நீயே அனுப்பிட்ட நைனா. பேருதான் தப்பு.”

ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓட்டில் ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை. என் பெயரைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

“வேற ஓடா இருந்தா எங்கது இல்லேன்னு சொல்லிப் பாக்கலாம் வே,” என்று தங்கப்பாண்டி காதோரம் குனிந்தார். “நீரு விலாசம் வேற போட்டிருக்கீரு.”

செல்லக்கனி அங்கேயே கமிட்டியைக் கூட்டி, விவாதமின்றித் தீர்மானம் நிறைவேற்றினாள். அதன்படி கோடை மாளிகை தேக்குச் சட்டத்தோடு மதிலைத் தாண்டியது. மிஞ்சிக் கிடந்த ஓடுகள் எல்லாம் சவரிநாதன் வீட்டுக் கூரையாயின; ஒவ்வொன்றுக்கும் கம்பிக் கட்டு. அடைக்கலமேரி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“கண்ணு தொறந்தா ஒம் பேரா தெரியணும் எனுக்கு?” என்று சொல்லி, உள்ளிருந்து ஒவ்வொரு ஓடாகச் சுண்ணாம்பு அடித்து என்னை அழித்தாள்.

ஆனால் தூளிக்கு நேர் மேலே ஒரே ஓர் ஓட்டின் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தாள். மன்னித்துவிட்டாள், மனசு பெரிசு என்று நான் பலரிடம் சொல்லி உருகினேன். காரணம் போன வாரம்தான் தெரிந்தது. லியோனார்டு இப்போது தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறான், சோற்றைத் துப்புகிறான். மதிலோரமாகப் போனபோது அவள் குரல் கேட்டது.

“துண்றியா, இல்ல மேல கீற ஞானதுரையக் கூப்புடவா?”

உடனே விழுங்கிவிட்டான்.

மற்றத் தாய்மாருக்கும் இந்த முறை பிடித்துவிட்டது. இன்று எங்கள் தெருவில் என் பெயர் தெரியாத குழந்தையே கிடையாது. நான் நடந்து வந்தால் ஓடிக் கதவுக்குப் பின்னால் ஒளிகின்றன. ஞானதுரை கூரையிலிருந்து தலையில் விழுவான் என்று பயம். சின்னப் பிள்ளைகள்தான், ஆனால் அவர்களுக்கு யாரும் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை.