ஷூ போடும் போட்டோ

கேமராவைக் கண்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். கம்பெனி அடையாள அட்டையில் ஒட்டியிருந்த என் படத்தைப் பார்த்த வாட்ச்மேன், “இவுரு எப்பப்பா தவறுனாரு?” என்று என்னிடமே துக்கம் விசாரித்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆள், கல்யாணத்தன்று காலையில் பவுடர் போடுவதையும் தலை சீவுவதையும் ஷூ போடுவதையும் படமெடுக்கச் சம்மதித்தேன் என்றால், அதற்கு ஜெயாதான் காரணம்.

ஜெயா எனக்கு நிச்சயமான பெண். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன்; படிப்பு ஐந்தாவதோடு சரி. அவள் வீட்டில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. (வாய்விட்டுச் சொல்லவில்லை. டீ டம்ளரை வைத்த சத்தத்தில் தெரிந்தது.) ஜெயா மட்டும் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்தாள். கூட வேலை செய்யும் பெண்ணின் ஆல்பத்தில் பார்த்தாளாம்.

“காலையில நீங்க ரெடியாவுறத போட்டோ எடுத்து வைங்க. சர்ச்சுல எப்படியும் பாத்துருவேன். அதுக்கு முன்னாடி எப்டி இருந்தீங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?”

பூத்தில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் “ம்” என்றேன். என்னிடம் அவள் கேட்ட ஒரே காரியம் அது. உயிரே போனாலும் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போட்டோகிராபர் ஸ்டான்லியைப் போய்ப் பார்த்தேன். பவுடர், சீப்பு எல்லாம் சும்மா, ஸ்டூல் மேல் காலை வைத்து ஷூ லேஸ் கட்டுகிற படம்தான் முக்கியம் என்றார். அங்கேதான் சிக்கல். பதினொரு வருடமாக ஷூவுக்குத் தோல் வெட்டிய நான், அதுவரை ஒரு நாளும் ஷூ போட்டதில்லை.

மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நல்ல மனிதர். சாம்பிள் ரூமில் கீழ்த் தட்டில் மிச்ச ஜோடிகள் இருக்கின்றன, போட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள் என்றார். போனேன். அங்கே ஆறு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “புதுமாப்ள, குந்தி போட்டுப் பாருங்க, நாங்களும் பாக்குறோம்” என்றாள் ஒருத்தி. கீழ்த் தட்டுவரை குனிய எனக்குத் தைரியம் வரவில்லை. கைக்கு எட்டிய தட்டில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி, ஒரே மாதிரி இரண்டு இருந்தன. நம்பர் எட்டு. என் நம்பர். எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஒரு மாதம் பயிற்சி. ஸ்டூலில் காலை வைப்பேன், லேஸ் கட்டுவேன், கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பேன். கூடப்பிறந்த எஸ்தர் அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாடா, பல்லு வலியா?” என்பாள். பழகியதெல்லாம் ஒரே ஒரு ஷூவில்தான். இன்னொன்றில் சுருக்கம் விழக்கூடாது என்று, வந்த அன்றே மெல்லிய காகிதத்தில் சுற்றி வைத்தவன் பிரிக்கவே இல்லை. (அவ்வளவு புத்திசாலி.)

கல்யாண நாள். பத்து மணிக்கு சர்ச். ஏழரைக்கே ஸ்டான்லி வந்து குடை விளக்கையெல்லாம் நிறுத்திவிட்டார். பவுடர் ஆயிற்று. சீப்பு ஆயிற்று. வலது காலை ஸ்டூலில் வைத்து லேஸ் கட்டினேன். அப்படியே இருங்கள் என்று நாலு படம் எடுத்தார். இனி அடுத்த கால் என்றார்.

காகிதத்தைப் பிரித்தேன். பார்த்தேன். காலில் இருந்ததைக் கழற்றி இன்னொரு கையில் பிடித்து, மறுபடி பார்த்தேன். என் வாய் திறந்துகொண்டது. எங்கேயோ பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. எனக்கு உயிர் போகிறது, அதுதான் வெளிச்சம் என்று நினைத்தேன்.

கட்டிங்கில் பக்கத்து மேஜைக்காரன், என் தோஸ்த் அன்வர், கோட்டுக்குப் பூ குத்த வந்தவன் என் கையைப் பார்த்தான்.

“அரே சாமு, ரெண்டும் சோத்தாங்கால்டா.”

வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டும் சாம்பிளை எங்கள் கம்பெனியில் ஜோடியாகச் செய்வதில்லை. பார்க்கத்தானே, போடுவதற்கு இல்லையே என்று வலது கால் மட்டும் செய்வார்கள். அவர்களுக்கு அனுப்ப ஒன்று, ரூமில் வைக்க ஒன்று. என் கையில் இருந்த ஷூவுக்கு இந்த உலகத்தில் இடது கால் பிறக்கவே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? வலது இடது பார்த்து ஜோடி சேர்த்துத் தோல் வெட்டுவதுதானே எனக்குச் சம்பளமே.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று கம்பெனி விடுமுறை, கேட்டில் பூட்டு. மாமாவின் ஷூ எனக்கு இரண்டு நம்பர் பெரிது. கோட்டு சூட்டுக்குச் செருப்பு போட்டுப் போனால் அந்த டீ டம்ளர்க்காரர்கள் ஆயுசுக்கும் பேசுவார்கள். ஸ்டான்லிதான் கலங்காமல் நின்றார். வலது கால் படத்தின் நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் இடது காலாகிவிடுமாம்.

“போட்டோவுக்கு நான் பொறுப்பு, சார். நடக்குறதுக்கு நீங்க பொறுப்பு.”

நடந்தேன். இடது கட்டைவிரலை யாரோ கதவிடுக்கில் வைத்து நசுக்குகிற மாதிரி இருந்தது. என் இடது பக்கம் வந்து நின்ற ஜெயா, “கால்ல இன்னா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். குனிந்து பார்த்தால் இரண்டு ஷூவும் மூக்கைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதோடு தப்பித்திருப்பேன். ஐயர் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்களை முழங்காற்படியிடச் சொன்னார்.

முழங்காற்படியிட்டால் ஷூவின் அடிப்பாகம் சபைக்குத் தெரியும். வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் தைக்கிறவர்கள், ஒட்டுகிறவர்கள், செக்கிங் செய்கிறவர்கள். ஷூவின் அடியைப் பார்த்துக் குறை கண்டுபிடித்துத்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. முதல் பெஞ்சில் ஒரு கனைப்பு. இரண்டாம் பெஞ்சில் இருமல். ஐயர் ஜெபத்தை நீட்ட நீட்ட, சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் போய் வாசல்வரை எட்டியது. போதாக்குறைக்கு ஒரு ஷூவின் அடியில் ஸ்டிக்கர். அதை நான் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தேன். ‘சாம்பிள், விற்பனைக்கு அல்ல’ என்று இங்கிலீஷில் இருந்ததாம். பெண் வீட்டார் படித்தவர்கள். படித்துவிட்டார்கள்.

ஜெயா பக்கவாட்டில் என் காலைப் பார்த்தாள். முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இப்படி ஒருத்தனுக்குப் போய் வாழ்க்கைப்பட்டோமே என்று அழாமல் என்ன செய்வாள்?

காரில் ஏறியதும் முக்காட்டை விலக்கினாள். சிரித்துச் சிரித்துக் கண் மையெல்லாம் கரைந்திருந்தது. கல்யாணமாகி என் மனைவி எனக்குச் செய்த முதல் காரியம், என் காலை மடியில் தூக்கி வைத்துக் கட்டைவிரல் எலும்பு முறிந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தது.

ஆல்பம் வந்தது. திருப்பிப் போட்ட படத்தில் எனக்கு வாட்ச் வலது கையில் இருந்தது. சுவரில் காலண்டர் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம்வலம் மாறிய பாஷை. ஜெயா அதைத் தள்ளிவிட்டாள். ஒரு மாதம் பழகிய சிரிப்பையும் தள்ளிவிட்டாள். கடைசிப் பக்கத்தில், கைக்கு ஒன்றாக வலது ஷூவைப் பிடித்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி வாய் பிளந்து நின்றேன். உயிர் போகிற வெளிச்சம் என்று நான் நினைத்தது ஸ்டான்லியின் பிளாஷ்.

“இதான் நான் கேட்டது” என்றாள். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டிவிட்டாள்.

இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதை சொல்வது முன்பு அக்காவின் வேலை, இப்போது என் மகளுடையது. நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஜெயா சமையலறையிலிருந்து கேட்பாள், “ரெண்டு காலும் பாத்தாச்சா?”

செருப்புதான் போடுகிறேன் என்று நானும் தினமும் சொல்கிறேன். சொல்லிவிட்டு, ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வேன்.