பேர் மாத்தி சார்

பிறந்த குழந்தைக்குப் பேர் வைக்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. வளர்ந்து, மீசை வைத்து, வேலை தேடிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பேர் வைத்த ஒரே மனிதர் கும்மிடிப்பூண்டி பேர் மாத்தி சார்தான். அந்தத் தொழிற்பேட்டையில் இன்று பாதிப் பேர் வேலை விஷயத்தைத் திணறாமல் பேசுகிறார்கள் என்றால் அது அவர் புண்ணியம். அடித்துச் சொல்வேன்.

ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே எங்கள் பயிற்சி நிலையம். ஃபிட்டர், வெல்டர்களுக்கு டெக்னிக்கல் வகுப்பு. பில், ஸ்டோர்ஸ், கணக்கு வேலைக்குப் போகிற எங்களுக்கு பிசினஸ் வகுப்பு. இரண்டுக்கும் தொழில் வார்த்தைகள் சொல்லித்தர வந்தவர் இவர். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப்பை நிறைய ஊக்கு. முதல் நாளே பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி, ஆளுக்கொரு வார்த்தை எழுதி, எங்கள் கையில் கொடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொன்னார்.

"இனிமே இதான் உன் பேரு. அதப்பத்தி எவன் இன்னா கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். வார்த்தைய மனப்பாடம் பண்ணா பரீட்சையோட ஓடிப்பூடும். அதுங்கூட குந்திக்கினு டீ குடி, எங்கயும் போவாது."

ஊதினால் பறக்கிற ஒரு ஒல்லிப் பையனுக்கு 'கிராஸ் வெயிட்', பெட்டியோடு சேர்த்த மொத்த எடை, என்று பேர். சட்டை பட்டன் போட முடியாத தொப்பைக்காரர் 'நெட் வெயிட்', பெட்டியைக் கழித்த எடை. ஏன் சார் இப்படி மாற்றி வைத்தீர்கள் என்று கேட்டால், "சரியா வெச்சா மறந்துடுவீங்க. தப்பா வெச்சா தெனம் சண்ட போட்டே ஞாபகம் வெச்சிப்பீங்க" என்றார். ஒரே வாரத்தில் கீழே டீக்கடைக்காரரே, "நெட் வெயிட்டுக்கு சக்கர கம்மி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

சார் நெஞ்சிலும் ஒரு அட்டை உண்டு. அதை எழுதுவது வெல்டர்கள். அவருக்குச் சுத்தமாகத் தெரியாத வார்த்தையாகத் தேடிப் பிடித்துக் கொடுப்பார்கள். மனிதர் அசரமாட்டார். அன்று சாயங்காலமே ஏதாவது பட்டறையில் போய் நின்று கேட்டுவிட்டு, மறுநாள் அந்த வார்த்தையைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு மணி நேரம் பேசுவார்.

எனக்கு வாய்த்தது 'டெப்ரிசியேஷன்'. எங்கள் வீடு திருவள்ளூரில். அப்பாவுக்குக் கோவில் கைங்கரியம். ஒரு நாள் சார் போன் செய்ய, அம்மா எடுத்துவிட்டாள். "டெப்ரிசியேஷன் இருக்குதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அப்பாவிடம் அர்த்தம் கேட்டாள். "வருஷா வருஷம் மதிப்பு குறையறது" என்று அப்பா விளக்கினார். வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அம்மா பொங்கிவிட்டாள்.

"யாருப்பா நீ? நாளைக்குப் பொண் பார்க்க வரா. இப்ப சொல்ற வார்த்தையா இது?"

சார் துளியும் பதறவில்லை. "மெஷினுக்குத்தாம்மா மதிப்பு கொறையும். உங்க பொண்ணு நெலம் மாதிரி. நெலத்துக்கு டெப்ரிசியேஷனே கெடையாது."

அம்மா குளிர்ந்துபோய்விட்டாள். மறுநாள் வந்த பிள்ளை வீட்டாரிடமும் அதையே சொன்னாள். அவர்களிடமிருந்து அதற்கப்புறம் பேச்சே இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வகுப்பில் எல்லோரிலும் பெரியவர் நைனா. எளாவூர்க்காரர், லாரி டிரைவர். முதுகுத்தண்டு தேய்ந்து, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லோடு ஏற்றி அனுப்புகிற டெஸ்பாட்ச் வேலை கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் மறுபடி ஸ்டியரிங்தான், முதுகு போனாலும். எங்களிடம் ஊர்க்கதை பேசினால் நிறுத்தமாட்டார். நாற்காலி போட்டு நாலு பேர் எதிரே உட்கார்ந்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன இன்டர்வியூவிலிருந்தெல்லாம் வியர்த்து வழிந்து வந்தவர்.

அவருக்கு மட்டும் சார் அட்டையே தரவில்லை. "உனக்குப் பேரு வேணாம் நைனா. நீ இதுங்கள மேய்க்கிற ஆளு" என்று சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். லாரி உள்ளே வந்து வெளியே போகிற வரை எது முன்னால், எது பின்னால் என்று கேட் பாஸ், வண்டி எடை போடும் வே பிரிட்ஜ், இன்வாய்ஸ், சரக்கு போக அனுமதியான இ-வே பில், சீல் என்றெல்லாம் பேர் வாங்கிய எங்களை நைனா வரிசையில் நிறுத்த வேண்டும். தினமும் வெயிலில் நின்று திட்டு வாங்கினோம்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபேக்டரியில் இன்டர்வியூ வந்தது. சார் வகுப்பைப் பூட்டிவிட்டு எங்களையும் ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நைனா உள்ளே போனார். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். பயிற்சி நிலைய ஓனரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சார் எடுத்தார்.

"கிளாஸ் நடந்துக்கினு இருக்குது சார். ரொம்ப முக்கியமான பாடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உள்ளே நடந்ததை நைனாவே பிறகு சொன்னார். "லோடு எப்படி அனுப்புவீங்க?" என்று மேனேஜர் அம்மா கேட்டதும் வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினார். மொட்டை மாடி தெரிந்தது. அப்புறம் மனிதர் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்.

"டேய் கேட் பாஸு, செல்ல நோண்டாம முன்னாடி வா! வே பிரிட்ஜு, நீ காலி வண்டிக்கு ஒருவாட்டி, லோடு வண்டிக்கு ஒருவாட்டி நிக்கணும், ஓடாத! இன்வாய்ஸு, இ-வே பில்லு வராம நீ இன்னாத்துக்குக் கெளம்புற? டெப்ரிசியேஷன் பாப்பா, உனக்கு இங்க வேலயே இல்ல, ஆபீசாண்ட போய் குந்து!"

மேனேஜர் அம்மா சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். பிறகு மெதுவாக, "சீல் இல்லேன்னா?" என்று கேட்டார்.

"அவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கான் மேடம்" என்றார் நைனா. சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார். எதிரே நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். வேலை போச்சு என்று நினைத்தாராம். ஆனாலும் விடவில்லை. "அவன் வர்றவரைக்கும் வண்டி நகராது மேடம். நீங்களே வந்து சொன்னாலும் கேட்டத் தொறக்க மாட்டேன்."

வெளியே எங்களுக்கு இது எதுவும் தெரியாது. சார் மட்டும், "நைனாவ வேணாம்னு சொல்றதுக்கு அவங்க இன்னா பைத்தியமா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு இடத்தில் நிற்கவில்லை.

முதுகைப் பிடித்துக்கொண்டு நைனா மெதுவாக நடந்து வந்தார். சாரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "திங்கக்கெழம வரச்சொல்ட்டாங்க சார். இனிமே ராத்திரிக்கு நான் ஊட்லயே படுத்துப்பேன்."

சார் ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், வாட்ச்மேன் பயந்து விசிலை ஊதிவிட்டார். தார் ரோட்டின் நடுவே, நாங்களும் லாரிக்காரர்களும் பார்க்கப் பார்க்க, கண்ணில் தண்ணீர் வழிய ஒரு ஆட்டம் ஆடினார். தாளமே இல்லாத ஆட்டம். எத்தனையோ பேரிடம் படித்திருக்கிறேன். நான் பாஸானதற்கு அப்படி ஆட ஒருவர் இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.