இடது காது அந்தோணிக்கு

கையில் காமிரா இல்லாதவரை ஒரு மனிதன் குடும்பப் படங்களில் ஏதாவது ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான். காமிரா வாங்கிவிட்டால் எந்தப் படத்திலும் இருக்க மாட்டான். ஊருக்கே தெரிந்த இந்த உண்மை எனக்கு மட்டும் பழனி அடிவாரத்தில், ஒரு மண்டபத்தில், சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தது.

கொடைக்கானலில் எனக்கு ஒரு சின்னக் கடை. சாக்லேட்டும் தைலமும் விற்கிறேன். தங்கச்சி செல்வியை பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் மகள் கயலுக்கு மொட்டை, காதுகுத்து என்று நாள் குறித்ததும் போட்டோகிராபர் பேச்சு வந்தது.

"போட்டோகிராபர் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அன்றைக்கு என்னிடம் காமிரா இல்லை. (வாய் இருந்தது.)

செல்வி யோசித்தாள். அவளுக்கு ஒரு பழைய குறை உண்டு. அவளுடைய காதுகுத்துக்கு எங்கள் மாமா வந்த பஸ் வழியில் நின்றுபோய், நல்ல நேரம் தப்பிவிடும் என்று அடுத்த வீட்டு ரைஸ்மில்காரர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். அந்தப் படம் இன்றும் அம்மா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் "யாரு, மாமாவா?" என்று கேட்பார்கள்.

"எனக்கு ஒரே ஒரு படம் போதும்ணே. தாய்மாமன் மடியில உக்காந்து எம்புள்ள காது குத்திக்கிற படம். அது மட்டும் நல்லா வந்துரணும்."

"ஜோரா வரும்," என்றேன். அவள் சொன்னதில் 'படம்' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்திருந்தது.

எங்கள் ஊரில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் பறவைகளைப் படம் எடுப்பவர். புதிது வாங்கிவிட்டதால் பழைய டிஎஸ்எல்ஆரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய காமிரா வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்விகளை வீடியோ பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். பதில்களை மனப்பாடம் செய்யவில்லை.

"ஷட்டர் கவுண்ட் எவ்வளவு சார்?"

அவர் ஒரு எண்ணைச் சொன்னார். "பரவால்ல," என்று தலையாட்டினேன். (வேறு எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் இதே அளவுக்குத்தான் ஆட்டியிருப்பேன்.)

அடுத்து பூஞ்சை. கொடைக்கானல் ஈரத்தில் பீரோவில் வைத்த பெல்ட்டே பூஞ்சை பிடிக்கும்போது லென்ஸ் எம்மாத்திரம். செல்போன் டார்ச்சை அடித்து, தொண்டைவலிக்காரனைப் பார்க்கும் டாக்டர் மாதிரி ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தேன். ஒரே இருட்டு.

"பின்பக்கம் மூடி இருக்கு சார்," என்றார் அவர்.

மேசையில் இரண்டு லென்ஸ்கள். ஒன்று டீ கிளாஸ் உயரம். மற்றது முழங்கை நீளம்.

"காமிரா பாடிகூட இந்த லென்ஸ் ரெண்டுல ஒண்ணு தர்றேன் சார். ஃபேமிலி ஃபங்ஷன்னா சின்னத எடுங்க, பக்கத்துல நின்னே எடுக்கலாம். பெரிசு பேர்ட்ஸுக்கு. அதுல ஆள எடுக்கணும்னா ரொம்பத் தள்ளிப் போகணும்."

"தள்ளிப் போயிக்குவோம் சார்," என்றேன்.

காரணம் வேறு. சின்னதை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தபோது போட்டிங்குக்கு வந்த டூரிஸ்ட் மாதிரி இருந்தேன். பெரிசை மாட்டியதும், யாரோ பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார் என்று எனக்கே வணக்கம் சொல்லத் தோன்றியது. டிரைபாட், பை, மழை உறை, தூசி ஊதும் ரப்பர் குமிழ் எல்லாம் வாங்கினேன். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட்டையும் விடவில்லை. அதை மாட்டினால் லென்ஸ் இன்னும் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. கடைசியாக அவர் மனது கேட்காமல், "சின்னதையும் சும்மா கொண்டுபோங்க, ஃபங்ஷன் முடிஞ்சு குடுங்க," என்றார். பையில் இடம் இல்லை. (மழை உறை இருந்தது.)

விசேஷத்தன்று வெள்ளனே அந்தோணியின் வேனில் மலையிலிருந்து இறங்கினோம். அந்தோணி வில்பட்டிக்காரர். மற்ற நாட்களில் கேரட் ஏற்றுவார், முகூர்த்த நாட்களில் சொந்தக்காரர்களை ஏற்றுவார். என் வயது, என் உயரம், என் தொப்பை.

"இதுல நிலா தெரியுமாண்ணே?" என்று லென்ஸைப் பார்த்துக் கேட்டார்.

"அதுல இருக்குற கல்லே தெரியும்."

நிலா தெரிந்திருக்கலாம். கயல் தெரியவில்லை. மொட்டை போடுகிற இடத்தில் தள்ளிப்போக வழியில்லை. என் முதுகு சுவரில் முட்டியும் மொட்டை ஒரு படத்தில் அடங்கவில்லை. பாதிப் பாதியாக எடுத்தேன்.

அதனால் மண்டபத்தில் முன்னேற்பாடாக இருந்தேன். ஒரு கோடியில் காதுகுத்து மணை, மறுகோடியில் நான். "எல்லாரும் போனைத் தூக்கிக்கிட்டு நின்னா படம் கெட்டுரும்," என்று அத்தனை செல்போன்களையும் ஒரு மஞ்சப்பையில் வசூலித்து, மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் பத்திரமாகக் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு மாடியில் பந்திக்குப் போய்விட்டார்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்து வைத்தார். "தாய்மாமன் எங்கப்பா? வெரசா வந்து உக்காருங்க. எனக்கு இன்னும் ரெண்டு மண்டபத்துல சோலி கெடக்கு."

எல்லோரும் தாய்மாமனைத் தேடினார்கள். நானும் தேடினேன். பொறுப்பில்லாத ஆள் என்று கோபம்கூட வந்தது. பிறகு எல்லோரும் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன்.

பதற்றத்தில்தான் எனக்கு யோசனைகள் பிரமாதமாக வரும். காமிராவை டிரைபாடில் நிறுத்தி, சரியாக ஃபோகஸ் செய்துவிட்டால், மாப்பிள்ளை பட்டனை அமுக்கினால் போதும். அதற்கு முதலில் மணையில் என் அளவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தோணி அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்தார்.

"அந்தோணி, புள்ளைய வச்சுக்கிட்டு இப்படி உக்காரு. லைட் பாத்துட்டு நான் வந்துருவேன். அசையக் கூடாது."

அவர் அசையவில்லை. அவருடைய வேன் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு கயலும் அசையவில்லை. நான் மறுகோடிக்கு ஓடினேன். பக்கத்து மண்டபத்தில் மேளம் உச்சத்தில் இருந்தது. லென்ஸுக்குள் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. 'அப்படியே இருங்க, வர்றேன்' என்பதற்காகக் கையை உயர்த்தினேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் கையை உயர்த்தினால் ஆசாரி என்ன நினைப்பார்? சரியென்று தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்தார்.

கத்த வேண்டிய வாய் மூடிக்கொண்டது. சும்மா இருக்க வேண்டிய விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. ஊசி போவதையும், தங்கம் ஏறுவதையும், கயலின் வாய் மெல்லத் திறப்பதையும் ஒன்று விடாமல் எடுத்துவிட்டுத்தான் ஓடினேன்.

"யோவ், அது மாமன் இல்ல, டிரைவரு," என்றேன்.

"மடியில புள்ளைய வச்சிருந்தாரு, நீங்க கையக் காட்டுனீங்க," என்றார் ஆசாரி. "நான் ஆதார் கார்டா கேக்க முடியும்?"

செல்வி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எனக்கு ரைஸ்மில்லு, எம்புள்ளைக்கு வேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் எந்திரிக்கலாமாண்ணே?" என்றார் அந்தோணி. அவர் இன்னும் அசையவில்லை.

ஆசாரிதான் வழி சொன்னார். "இன்னொரு காது இருக்குல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கயலுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அலறினாள். மறுகோடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சான், எந்தப் பட்டனு?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கயல் என் தொடையைக் கடித்தாள்.

மாப்பிள்ளை ஏதோ ஒரு வளையத்தைத் திருகி, சரியான பட்டனைத்தான் அமுக்கியிருக்கிறார். படம் முழுக்க என் திறந்த வாய். கடைவாய்ப் பல்லின் சொத்தை வரை துல்லியம். கயல் இல்லை, காது இல்லை, ஆசாரி இல்லை. இரண்டு நாள் கழித்து அதைப் பார்த்த பல் டாக்டர், எக்ஸ்ரே தேவையில்லை என்றார்.

முதல் காதுப் படத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கயல் சாவியைப் பார்த்துச் சிரிக்க, அந்தோணி சொந்தத் தாய்மாமனைப் போல அவளைக் குனிந்து பார்க்கிறார். காமிராவை விற்றவரே, "நீங்களா எடுத்தீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். செல்வி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் படத்தையே பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். வேறு எதை மாட்டுவது? வருகிறவர்கள் "யாரு, மாமாவா?" என்று கேட்டால் முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது "ஆமா" என்றுவிடுகிறாள்.

அந்தோணியும் பொறுப்பை விடவில்லை. கயலின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாவாடை சட்டை, தட்டில் பழம், கூடவே ஒரு மூட்டை கேரட்டோடு வந்துவிடுகிறார். என் சீர் அதற்குப் பக்கத்தில் சிறுத்துத் தெரிகிறது. நான் காமிராவைத் தூக்கினால், "ஏலே, எல்லாரும் நில்லுங்க, மாமா வத்தலக்குண்டு வரைக்கும் பின்னால போயிட்டு வரட்டும்," என்று மாப்பிள்ளை குரல் கொடுக்கிறார்.

கயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "செல்போனை வச்சுட்டுப் படி," என்றேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"மாமா, நீங்க இந்தப் பக்கம் இருந்து சொன்னா கேக்காது," என்றாள். "இது அந்தோணி மாமா காது."

எழுந்து, சுற்றிக்கொண்டு போய், வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன்.