வீட்டில்தான் இருக்கிறேன், டாக்டரம்மா!

திரை உத்தமர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்த இனம்தான். மருத்துவரிடம் நேரில் போனால் பாதிப் பொய் சொல்வார். கைபேசித் திரையில் கண்டால் முழுப் பொய். திரை வழியாக நாடி பிடிக்க முடியாது, வாய் வாடை எட்டாது. வேறென்ன வேண்டும்?

அமெரிக்காவில் பிரிஸ்டல் நகரத்து ஹோபர்ட் ஸ்டில்ட்னர் இந்த இனத்துக்கே திலகம். நிலக்கரி லாரி ஓட்டி ஓட்டி முதுகு போனவர். வலி நிஜம், அதில் கேலி இல்லை. வலிக்கு விழுங்குவது அபின் வகை மாத்திரை என்பதால், டாக்டர் கில்கிரிஸ்ட் என்ற பெண்மணி மாதந்தோறும் திரையில் வந்து விசாரிப்பார். அன்று நம்மவர் முகம் மழித்து, தலைவாரி, மேலே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கீழே படுக்கைக் கால்சட்டையுமாகத் தெருவைத் தாண்டி, லொரீனின் சாப்பாட்டுக் கடையில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் கிரேவியும் சொல்லிவிட்டு, ஒரு மூலையில் போய் உட்காருவார். அந்தத் தெருவின் நடுக்கோடுதான் மாநில எல்லை. வீடு வர்ஜீனியா, கடை டென்னசி. மருத்துவருக்கோ உரிமம் வர்ஜீனியாவில் மட்டும்; கோட்டைத் தாண்டி உட்கார்ந்தவருக்கு மருந்து எழுதக் கூடாது. பிறகு ஏன் வீட்டிலிருந்தே பேசக் கூடாது? வீட்டில் மனைவி வில்டா இருக்கிறாளே! அவள் காதுபட ஒரு பொய்யைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க முடியாது.

"இப்ப எங்க இருக்கீங்க, ஹோபர்ட்?"

"வீட்லதான், டாக்டரம்மா."

"வலி பத்துக்கு எவ்வளவு?"

"ஏழு."

எப்போதும் ஏழுதான். ஆறு என்றால் மாத்திரையைக் குறைப்பார். எட்டு என்றால் நேரில் வரச் சொல்வார்.

"பீர் குடிக்கிறீங்களா?"

"சேச்சே! நான் சர்ச்சுக்குப் போற மனுஷன்."

"மாத்திரைய யாருக்காச்சும் குடுத்தீங்களா?"

"தங்கத்த யாராவது தானம் பண்ணுவாங்களா?"

பண்ணியிருந்தார். சர்ச் வாசலில் பல்வலியோடு நின்றவருக்கு இரண்டு. சட்டப்படி குற்றம் என்று தெரியாமலில்லை. குப்பியைக் காட்டச் சொன்னால் குறைவு தெரியாதிருக்க ஆஸ்பிரின் கலந்து வைத்திருந்தார்.

"வேற மாத்திரை ஏதாச்சும்?"

"வைட்டமின்தான்."

வைட்டமினா? மச்சான் கொடுத்த தூக்க மாத்திரை! இரவெல்லாம் தூக்கம் வராத எரிச்சலில், காலையில் வலி மாத்திரையின் மேலேயே அதையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம் என்று கில்கிரிஸ்ட் தொண்டை வறளச் சொல்லியிருந்தார். யார் கேட்டது? அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை. ஹோபர்ட்டின் தலை மேசையில் சாய்ந்தது. உதடு நீலம் பாரித்தது. கைபேசி மல்லாந்து விழ, மருத்துவருக்குக் கூரை விசிறி மட்டும் தெரிந்தது.

கில்கிரிஸ்ட் அழைத்த ஆம்புலன்ஸ் பறந்தது. எங்கே? வீட்டுக்கு!

"அவரு இங்க இல்லையே," என்றாள் வில்டா.

"வீட்லதான் இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொன்னாராமே!"

"அந்த மனுஷன் சொன்னாரா? அப்ப வேற எங்கயோதான் இருக்காரு!" என்று கத்தியவள் மறுகணமே வாசலுக்கு ஓடினாள்.

எதிர்ச்சாரியில், தட்டோடு வந்த லொரீன் கைபேசிக்குள் மருத்துவர் அலறுவதைக் கேட்டாள்.

"யாராச்சும் இருக்கீங்களா? அது எந்த இடம்?"

"என் கடைம்மா, டென்னசி பக்கம்! ஐயோ, இவரு மூச்சே விடல!"

"மூக்குல அடிக்கிற மருந்து இருக்கா?"

அபின் மயக்கத்தை முறிக்கும் அந்த மருந்து, அந்த ஊர்க் கடைகள் பலவற்றில் இருப்பதுபோல், கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து அடித்தாள். ஒரு யுகம் போல் கழிந்த பிறகு ஹோபர்ட் மூச்சை இழுத்தார். நான் செத்துவிட்டதாகவே நினைத்தேன் என்று ஹோபர்ட்டே பிற்பாடு சொன்னார். அது பொய்யில்லை.

அடுத்த சந்திப்பு வீட்டுக் கூடத்தில். பக்கத்து நாற்காலியில் வில்டா.

"வேற மாத்திரை ஏதாச்சும்?"

ஹோபர்ட் வாயைத் திறந்தார். வில்டா லேசாகக் கனைத்தாள். அவ்வளவுதான்: மச்சான், பல்வலிக்காரர், ஆஸ்பிரின், பீர், எல்லாம் கொட்டிவிட்டது. கில்கிரிஸ்ட் திட்டவில்லை.

"இத்தன நாளா நீங்க சொன்ன யாரோ ஒரு உத்தமருக்குத்தான் மருந்து எழுதிட்டிருந்தேன்," என்றார். "இனிமேதான் உங்களுக்கு வைத்தியம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சென்ற முறை உங்கள் மருத்துவர் திரையில் வந்து, "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்ட அந்தக் கணத்தில், தண்ணீர் கொண்டு வரச்சொல்லி வீட்டாரை அடுக்களைக்கு அனுப்பினீர்களே, அவ்வளவு தாகமா?