லிஃப்ட்காரர் எழுதி ஒட்டிய விதி

"வர்ற சனிக்கிழமை நானும் உங்ககூடக் கடைக்கு வரேன்" என்று மனைவி சொன்னபோது லிஃப்ட்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையை விழுங்கிவிட்டார்.

"எந்தக் கடைக்கு?" என்றார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"சீட்டுக் கடைக்கு."

சீட்டு என்றதும் காசு வைத்து ஆடுவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது படச்சீட்டு. ராஜா, யானை, கோட்டை, புயல் என்று சீட்டுக்கொரு படம். ஆளுக்கொரு கட்டு. எதிராளியின் ராஜாவைப் பிடித்தால் ஜெயித்தீர்கள். அதற்குள் உங்கள் கட்டு தீர்ந்துபோனால் தோற்றீர்கள். அவ்வளவுதான் ஆட்டம். இந்த அவ்வளவுதானுக்கு எண்பது பக்கத்தில் ஒரு விதிப்புத்தகம் உண்டு. லிஃப்ட்காரர் அதை மூன்று தடவை படித்தவர். பத்தாம் வகுப்புப் பாடத்தை அவர் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. உள்ளே ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை எட்டு நாற்காலியிலும் எட்டுப் பேர். பழைய ஆட்கள். அதில் நான்காவது நாற்காலி லிஃப்ட்காரருடையது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுக்கு அவர்தான் வைத்தியர் என்பதால் கடையில் அவருக்கு அந்தப் பேர்.

அந்த நாற்காலி அவருக்கு வெறும் நாற்காலி இல்லை. காரணம், அவருடைய அக்கா.

அக்கா நல்லவள். மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லாவற்றையும் தம்பி வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். சனிக்கிழமை தவறாமல் மூன்று மணிக்கு வந்து, சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, ஏழு மணிவரை இறக்குவாள். மாடி வீட்டுக்காரி, முட்டி வலி, துணி காயப்போடும் கொடி. அக்காவின் வீட்டுக்காரர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய பாக்கியசாலி. லிஃப்ட்காரருக்குக் காது கூர்மை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா வர ஆரம்பித்த மூன்றாவது வாரமே அவருக்குப் படச்சீட்டில் பெரிய ஈடுபாடு வந்துவிட்டது.

அப்புறம் அக்காவின் கதையைக் கேட்டது யார்? மனைவிதான். ஆறு வருஷம்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவள். பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் லாரிக்கு நேராகப் போனாலும், "கொஞ்சம் இடது பக்கம் வாங்க, அவசரமில்ல" என்று சொல்லக்கூடிய குரல். அந்தக் குரலில்தான் இப்போது சொன்னாள்.

"அண்ணி ரெண்டு வாரம் மக வீட்டுக்குப் போறாங்களாம். எனக்கு சனிக்கிழமை சும்மாதானே இருக்கு."

"அது கஷ்டமான ஆட்டம். உனக்குப் புரியாது."

"புரியலேன்னா தோத்துட்டுப் போறேன்."

"அங்க யாரும் விட்டுக் கொடுக்க மாட்டாங்க."

"வீட்டுல மட்டும் யாரு விட்டுக் கொடுக்கறாங்க?"

லிஃப்ட்காரர் வாய் கொப்பளித்துக்கொண்டே யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் தெளிந்தது. வரட்டும். ஒரே ஒரு தடவை வரட்டும். புது ஆளை எப்படிக் கவனிப்பது என்பதில் அந்த மேசை கைதேர்ந்தது.

முதலில் பல் டாக்டர். "முதல் தடவையா? வாங்க வாங்க" என்று சிரிப்பார். ஊசி போடும் முன்னால் "வலிக்காது" என்று சொல்லும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. அடுத்தது தபால்காரர். புது ஆள் அறியாமல் வைத்திருக்கும் நல்ல சீட்டைப் பார்த்து, "அடடா, ஓரம் கசங்கிப்போச்சே. குடுங்க, பளபளன்னு மூணு தர்றேன்" என்று பரிதாபப்படுவார். புது ஆள் ஒரு சீட்டைத் தொட்டுவிட்டு வேறு சீட்டைப் போட்டால், எட்டுப் பேரும் ஒரே குரலில், "தொட்டா தொட்டதுதான்!" அப்புறம் நாலே நிமிஷத்தில் ராஜா போய்விடும். புது ஆளும் போய்விடுவார். போன வருஷம் மட்டும் பதினோரு பேர் தாங்களாக வந்தார்கள். இரண்டாம் தடவை ஒருத்தரும் படியேறவில்லை.

கடைக்காரர் புலம்புவார். "புது ஆளு வந்தாத்தானே எனக்கு வியாபாரம்? நீங்க எட்டுப் பேரும் ஆறு வருஷமா அதே கட்டை வெச்சுக்கிட்டு, என் ஃபேன் காத்தை மட்டும் வாங்கிட்டுப் போறீங்க."

கடைச் சுவரில் ஏழு விதிகள் ஒட்டியிருக்கும். ஆறு கடைக்காரர் போட்டது. ஏழாவதை லிஃப்ட்காரர் போராடிக் கொண்டுவந்தார். ஒரு தடவை பல் டாக்டர் தன் மச்சானைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்து, அதைப் போடு இதைப் போடு என்று சொல்லிக் கொடுத்து, லிஃப்ட்காரரைத் தோற்கடித்துவிட்டார். அன்று இரவு லிஃப்ட்காரர் சாப்பிடவில்லை. மறுவாரம் தானே அட்டை வாங்கி, சிவப்பு மையில் எழுதி, நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினார்:

"புது ஆளைக் கூட்டி வருபவர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. புது ஆள் மூன்று ஆட்டம் ஜெயித்த பிறகே அவருக்குத் தனி நாற்காலி."

அன்றிலிருந்து யாரும் யாரையும் கூட்டிவருவதில்லை. இப்போது அந்த விதிக்கு முதல் ஆள் லிஃப்ட்காரரே. போகட்டும், நாலு மணி நேரம் நிற்பதுதானே. லிஃப்ட் வேலையில் நிற்காத நாளா?

சனிக்கிழமைக்கு முன்னாலேயே பல் டாக்டருக்கு ஃபோன் போட்டார்.

"டாக்டர், சம்சாரம் வரா. தயவு தாட்சண்யம் பார்க்காதீங்க."

"என்னங்க, அவங்க பொம்பளை..."

"பதினோரு பேரை விரட்டினோமே, அப்ப பார்த்தோமா? வந்தவ திரும்ப வரக் கூடாது. அவ்வளவுதான்."

அப்படியே நடந்தது. மனைவி நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் பின்னால் நின்றார். முதல் ஆட்டம் நாலு நிமிஷம். இரண்டாவது மூன்றரை. ஒரு சீட்டைத் தொட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள், "தொட்டா தொட்டதுதான்!" என்று ஏழு பேரும் கத்தினார்கள். பின்னால் எட்டாவது ஆள் பல்லைக் கடித்துச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டார்.

ஆனால் மனைவி முகம் சுண்டவில்லை. ராஜா போனதும் நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு அழகா ஆடறீங்க டாக்டர்! அந்த யானையை எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க? இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றாள்.

பல் டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. இதுவரை அவர் ஆடியதை யாரும் அழகு என்று சொன்னதில்லை. காட்டினார். இரண்டு தடவை காட்டினார். தபால்காரர் அவளிடம் பிடுங்கிய நல்ல சீட்டைத் தானாகவே திருப்பிக் கொடுத்து, "இது ஒசத்திச் சீட்டும்மா, பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். ஐந்தாவது ஆட்டத்துக்குள் கடைக்காரர் தன் முதுகுத் திண்டை எடுத்துவந்து அவள் நாற்காலியில் வைத்துவிட்டார். ஆறு வருஷமாக லிஃப்ட்காரர் கேட்டும் கிடைக்காத திண்டு.

ஆறு ஆட்டம். ஆறிலும் தோல்வி.

படி இறங்கும்போது லிஃப்ட்காரர் ஆறுதலான குரலில், "நான்தான் சொன்னேனே. விடு. இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்றார்.

"ஏன்? நல்லாத்தானே இருந்தது. அடுத்த வாரமும் வரணும்."

"அடுத்த வாரமுமா?"

"அதுக்கடுத்த வாரமும். மூணு ஜெயிக்கணுமே."

"அதுக்கடுத்த வாரம் அக்கா வந்துடுவா!"

"ஆமா, வந்துடுவாங்க" என்று மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஏறுங்க."

பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போதுதான் லிஃப்ட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் மூன்று ஆட்டம் ஜெயிக்கும்வரை நான்காவது நாற்காலி அவளுடையது. அவருக்கு நாற்காலி இல்லை. ஆட நாற்காலி இல்லாதவன் அக்காவிடம் என்ன சாக்குச் சொல்லிக் கடைக்குக் கிளம்புவது? மூன்று மணிக்கு அக்கா வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் இருக்கப் போவது யார்?

இனி இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. அதற்குள் அவள் மூன்று ஆட்டம் ஜெயித்தாக வேண்டும்.

மறுபடியும் பல் டாக்டருக்கு ஃபோன்.

"டாக்டர், ஒரு உதவி. சம்சாரத்துக்கிட்ட எல்லாரும் தோத்துடணும்."

"போன வாரம் விரட்டணும்னீங்க."

"அது போன வாரம்."

"எதுக்குங்க? அவங்க சந்தோஷமாத் தோக்கறாங்க. நீங்க ஜெயிச்சாக்கூட உர்ருன்னுதான் உட்கார்ந்திருப்பீங்க."

"டாக்டர், உங்க வீட்டு லிஃப்ட் மாசத்துல எத்தனை தடவை நிக்குது?"

"ரெண்டு தடவை."

"இனி நாலு தடவை நிக்கும்."

ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை. பல் டாக்டர் எடுத்த எடுப்பில் தன் ராஜாவைத் தூக்கி முன்வரிசையில் வைத்தார். காவலுக்கு ஒரு பூனைகூட இல்லை. கை நீட்டினால் பிடித்துவிடலாம்.

மனைவி கை நீட்டவில்லை. யானையை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதை மேசையின் அந்தக் கோடிக்கு அனுப்பினாள்.

"அம்மா, ராஜா இங்க இருக்காரு" என்றார் டாக்டர், பொறுக்க முடியாமல்.

"அப்படியா? நான் பாக்கலியே. புதுசு பாருங்க."

லிஃப்ட்காரர் பின்னால் தொண்டையைக் கனைத்தார். கடைக்காரர் தலை தூக்காமலே சுவரைக் காட்டினார். சிவப்பு மை. வாய் திறக்கக் கூடாது. எழுத்து வேறு கொட்டை கொட்டையாக இருந்தது.

டாக்டர் அடிக்கவில்லை. அவளும் அடிக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கட்டும் அவர் கட்டும் சமமாகக் குறைந்துகொண்டு வந்தன. சரி, அவர் கட்டு முதலில் தீர்ந்தால் அவள் ஜெயித்துவிடுவாள் என்று லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மனைவி புயல் சீட்டை எடுத்தாள்.

புயல், எதிராளியின் கட்டில் பத்துச் சீட்டை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அதைத் தன் கட்டின் மேலேயே வீசிக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகத்தின் அறுபத்தேழாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி அந்த மேசையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நின்றுகொண்டிருந்தார்.

மனைவி புயலைத் தன் கட்டின் மேலேயே வீசிக்கொண்டாள். கட்டு காலி.

"ஐயோ, தோத்துட்டேன்" என்றாள்.

"இப்படியெல்லாம் போடலாமா?" என்று டாக்டர் வாய் பிளந்தார். கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, போடலாம் என்றார்.

தபால்காரர் முயன்றார். யானைகளை எல்லாம் கைவிட்டார், கோட்டையைத் தானே இடித்தார். மனைவி அதற்கு முன்னால் தன் கோட்டையை இடித்துவிட்டாள். மீதி ஐந்து பேரும் வரிசையாக வந்து உயிரைக் கொடுத்துத் தோற்கப் பார்த்தார்கள். ஒருத்தராலும் முடியவில்லை. ஜெயிக்க வருபவனிடம் யார் வேண்டுமானாலும் தோற்கலாம். தோற்றே தீருவேன் என்று வருபவனிடம் தோற்க வேண்டுமென்றால் எண்பது பக்கமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏழாவது ஆட்டம் முடிந்தபோது லிஃப்ட்காரர் மனைவிக்கு முன்னால் படி இறங்கிவிட்டார்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் அவளை மடக்கினார்.

"நீ வேணும்னே தோக்கறே!"

"சே சே. நான் புதுசுங்க."

"அறுபத்தேழாம் பக்கம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா சாப்பிட்டு முடிச்சதும் மேசை மேல சீட்டைப் பரப்பி, ரெண்டு கைக்கும் நீங்களே ஆடி, ஏன் இதைப் போட்டேன், ஏன் அதைப் போடலன்னு நீங்கதானே பாடம் நடத்துவீங்க? நான் துணி மடிச்சுக்கிட்டே கேட்டேன். காதை மூடிக்கவா முடியும்?"

"அந்த ஏழாவது விதி..."

"அதையும் ஒட்டிட்டு வந்து நீங்கதான் சொன்னீங்க. மூணு தடவை சொன்னீங்க."

லிஃப்ட்காரர் குரலை இறக்கினார். "சரி. மூணே மூணு ஆட்டம் ஜெயிச்சுடு. உனக்கும் நாற்காலி, எனக்கும் நாற்காலி."

"அப்ப அண்ணிக்கு யாரு கதவைத் திறப்பாங்க?" என்றாள் மனைவி, இடது பக்கம் வரச் சொல்லும் அதே குரலில். "ஜெயிக்கறதுக்கு என்னங்க அவசரம்? ஆறு வருஷம் போகட்டும். பார்க்கலாம்."

கடைசி முயற்சியாக லிஃப்ட்காரர் கடைக்காரரிடம் ஓடினார். விதியைக் கிழித்துவிடலாம் என்றார். கடைக்காரர் மேசையைக் கேட்டார். ஏழு பேரும் விதி ரொம்ப நல்ல விதி என்றார்கள். பல் டாக்டர் வீட்டு லிஃப்ட்? அவர் பேசாமல் முதல் மாடிக்குக் குடி மாறிவிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை இரண்டரை மணிக்கு மனைவி ஸ்கூட்டரில் போனாள். மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. லிஃப்ட்காரர் திறந்தார்.

"நீயா?" என்றாள் அக்கா. உள்ளே எட்டிப் பார்த்தாள். "அவ எங்கே?"

"சீட்டாடப் போயிருக்கா."

"நல்ல பொண்ணு. போகட்டும்." அக்கா சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்தாள். "உட்காரு."

"பத்து நிமிஷத்துல கொஞ்சம் வெளியில போகணும்க்கா..."

"உன் பொண்டாட்டி ஆறு வருஷத்துல நடுவுல ஒரு தடவைகூட எழுந்ததில்லை. உட்காருடா."

உட்கார்ந்தார்.

"மாடி வீட்டுக்காரி நேத்து என்ன பண்ணா தெரியுமா?" என்று ஆரம்பித்த அக்கா, தம்பியின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். பரிவோடு அவர் முழங்காலைத் தட்டினாள்.

"உனக்கு எங்க தெரியப் போகுது, பாவம். நீ புதுசு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தே சொல்றேன், கேளு."