மலைப்படியில் நுரை

எங்கள் வீட்டில் எந்த டப்பாவையும் அதன் மேல் போட்டிருக்கும் பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலைப் பொடி இருக்கும். (ஸ்பூனோடு ஓடி வந்து ஏமாந்த பிள்ளைகள் எங்கள் தெருவில் நிறைய. இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள், இன்னும் என்னைப் பார்த்தால் சரியாகப் பேசுவதில்லை.) எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். எதையும் தூக்கிப் போடக் கூடாது, வீட்டில் செய்ய முடிந்த எதையும் கடையில் வாங்கக் கூடாது என்று ஒரு வெறியோடு திரிந்தவன் நான்.

திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. மத்தியானத்தில் கூட்டம் இருக்காது. போனில் வீடியோ பார்ப்பேன். 'வீட்டிலேயே செய்யலாம்' என்று ஆரம்பிக்கிற எந்த வீடியோவும் என்னை விட்டதில்லை. கரியில் பல்பொடி இடித்தேன். கொஞ்ச நாளைக்குக் குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பழைய பேன்ட்டை வெட்டிக் காய்கறிப் பை தைத்தேன். ஜிப் வந்த இடத்தைப் பார்த்துவிட்டு, என் மனைவி கௌரி அதை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போக முடியாது என்று சொல்லிவிட்டாள்.

என் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அவருக்காக வெல்லம் இல்லாமல், நெய் இல்லாமல் கேழ்வரகு உருண்டை பிடித்தேன். அவர் அதைக் கடித்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ஆனாலும், "நல்லாக்கீது மாப்ள" என்றார். அவர் அப்படித்தான். நகரிப் பக்கம் தறி ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் எதையும் குறை சொல்ல மாட்டார்.

அந்த மரியாதைதான் ஓர் ஆடிக் கிருத்திகை அன்று என்னைக் கொல்லப் பார்த்தது.

அதற்கு முந்தைய வருஷம் மாமனாரின் வலது காலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன நாளில் கௌரி சாப்பிடவே இல்லை. பிறகு எப்படியோ ஆறிவிட்டது. கால் பிழைத்தால் அதே காலால் படியேறிக் காவடி எடுக்கிறேன் என்று மாமனார் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் சில நிபந்தனைகளோடு விட்டார். வெறும் வயிற்றோடு ஏறக் கூடாது. சூட்டில் கால் கொப்பளிக்கக் கூடாது. முக்கியமானது இது: "உடம்பு நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண்ணு சொருகி, தள்ளாடினா சர்க்கரை எறங்குதுன்னு அர்த்தம். உடனே இனிப்பா எதனா குடுங்க. லேட் பண்ணா ஆபத்து."

அந்த இனிப்பைச் செய்யும் பொறுப்பை நானாகவே ஏற்றுக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.) வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் போட்டுப் பானகம் கரைத்து, பழைய ஜூஸ் பாட்டில் ஒன்றில் ஊற்றி வைத்தேன்.

அதே அலமாரியில், அதே மாதிரியான இன்னொரு பாட்டிலும் இருந்தது. அது என் சமீபத்திய கண்டுபிடிப்பு. ஜூஸ் கடையில் தூக்கிப் போடும் எலுமிச்சைத் தோலை வாங்கி வந்து, வெல்லமும் தண்ணீரும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்து, நுரை வருவதற்குப் பூந்திக்கொட்டையும் ஊறப்போட்டு வடித்த, தரை துடைக்கும் திரவம். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு. மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கலாம். ஆனால் பெயரை நம்பாத வீடு ஆயிற்றே எங்களுடையது!

கிருத்திகை அன்று காலையில் வீடு திருவிழாவாக இருந்தது. மாமனார் இட்லி சாப்பிட்டுவிட்டு மஞ்சள் வேட்டியில் கிளம்பினார். கூடவே என்னைப் 'பாவா' என்று கூப்பிடும் மச்சான் பாஸ்கர், ஊர்க்காரர்கள், பம்பைக்காரர்கள். நான் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, பெரிய டாக்டர் மாதிரி பாஸ்கரிடம் கொடுத்தேன்.

"மாமா நடுங்கினா ஒரு டம்ளர் குடுத்துடு. மறந்துடாதே."

"ஆங் பாவா, நான் பாத்துக்கறேன்."

அவர்கள் சரவணப் பொய்கைக்குப் போனார்கள். மலையிலிருந்து இறங்கியதும் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கௌரி அடுப்படியில் இருந்தாள். நான் மிச்சமிருந்த பாட்டிலில் பாதியை வாளித் தண்ணீரில் ஊற்றி, கூடத்தை ஓர் இண்டு இடுக்கு விடாமல் துடைத்தேன். நுரை வரவில்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முதல் முயற்சிதானே, அடுத்த தடவை பூந்திக்கொட்டையைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

துடைத்த இடம் காய்ந்ததும் கௌரி சாம்பார் குண்டானைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். இரண்டு அடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இன்னாத்தப் போட்டுத் தொடச்சீங்க? காலு ஒட்டுது."

"அதெல்லாம் இயற்கையான பொருள். அப்படித்தான் இருக்கும்."

"ஏலக்காய் வாசன வருதே."

நான் பாட்டிலை மூக்கருகே கொண்டு போனேன். சுக்கு. ஏலக்காய். அருமையான பானகம்.

கௌரி என் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். குண்டானை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப நைனாகிட்ட குடுத்தனுப்பினது?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் சட்டைகூடப் போடாமல், மீதிப் பானகத்தோடு வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டே பாஸ்கருக்குப் போன் போட்டேன். எடுத்தான். "பாஸ்கரு, குடுக்காதே!" என்று கத்தினேன். பம்பைச் சத்தமும் அரோகராவும்தான் கேட்டன. திரும்பப் போட்டால் எடுக்கவே இல்லை.

ஆடிக் கிருத்திகையில் அந்தப் படிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய வரை மஞ்சளும் காவடியும்தான். நான் இடுக்கில் புகுந்து ஏறினேன். மனதுக்குள் இரண்டு பயம் போட்டி போட்டன. அந்தத் திரவம் உள்ளே போனால் மனுஷன் என்ன ஆவார் என்பது ஒன்று. அது உள்ளே போகாவிட்டாலும், சர்க்கரை இறங்கினால் கொடுக்க அங்கே வேறு எதுவும் இல்லை என்பது இன்னொன்று. எப்படிப் பார்த்தாலும் கொலைகாரன் நான்தான். கௌரியோடு இனிமேல் ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கொஞ்ச தூரம் ஏறியதும் அதைப் பார்த்தேன். படியில் வெள்ளையாக நுரை.

அடுத்த படியிலும் நுரை. அதற்கும் அடுத்த படியில் இன்னும் கொஞ்சம். பூந்திக்கொட்டை அருமையாக வேலை செய்திருக்கிறது. மாமனார் வாயில் நுரை தள்ளிக்கொண்டே ஏறிப் போயிருக்கிறார்! நான் அந்த நுரைத் தடத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். "முருகா, அவரக் காப்பாத்து. இனிமே தேங்கா நார்கூட வீட்ல சேத்து வைக்க மாட்டேன்" என்று வாய்விட்டு அழுதேன்.

வழியில் ஒரு மண்டபத்தருகே அவரைக் கண்டுபிடித்தேன். உயிரோடு இருந்தார். ஆனால் எந்த நிலையில்! உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வேர்வை ஆறாக ஓடியது. கண் சொருகியிருந்தது. தள்ளாடினார். டாக்டர் சொன்ன அத்தனையும் அப்படியே இருந்தது. அப்புறம் சுற்றிப் பார்த்தேன். அந்தப் படியில் காவடி எடுத்த அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டு, வேர்த்துக்கொண்டு, கண் சொருகி, தள்ளாடிக்கொண்டுதான் இருந்தார்கள். இதில் எது பக்தி, எது சர்க்கரை, எது என் திரவம் என்று எந்த டாக்டர் வந்து சொல்வது?

பாஸ்கரின் இடுப்புத் துண்டில் பாட்டில் செருகியிருந்தது. காலி.

"பாஸ்கரு! அத்தக் குடிச்சாரா?"

பம்பைக்காரர் சரியாக என் காதருகே நின்று அடித்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அவ்வளவுதான், எனக்குக் கண் இருட்டியது.

காவடியைப் பாதியில் இறக்கக் கூடாது. நான் நிஜப் பானகத்தைத் திறந்து மாமனார் வாயருகே கொண்டு போனேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வேகமாக ஏறத் தொடங்கினார்.

பிறகு நான் செய்தது இதுதான்: அவர் விழுந்தால் தாங்குவதற்கு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சட்டையில்லாமல், அழுதுகொண்டே, அவர் பின்னால் ஏறினேன். பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். "மருமவனுக்கும் அருள் வந்துடுச்சு பாருங்க" என்றது ஒரு குரல். யாரோ என் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினார்கள். ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, எம் பையனுக்கு அரக்கோணத்துல ரயில்வே வேல கெடைக்குமா, சொல்லு சாமி!"

"தெரியலியே! எனக்கு எதுவும் தெரியலியே!" என்று கதறினேன்.

"சாமி கோவமாக்கீது" என்று சொல்லி அவள் ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். (அன்றைக்கு நான் பார்க்க விரும்பாத ஒரே பொருள்.)

ஒரு வழியாக மேலே காவடி இறங்கியது. மாமனார் பிராகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்ததும் நான் அந்தக் காலில் விழுந்தேன்.

"மாமா, மன்னிச்சிடுங்க! நீங்க குடிச்சது பானகம் இல்ல. தர தொடைக்கிறது! வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மூக்கில் எலுமிச்சை வாசனை அடித்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அது கையிலிருந்த பழத்தின் வாசனை இல்லை; காலிலிருந்து வந்தது. தறிக்குழியில் கிடந்து கறுத்த அந்தக் கால்கள் பளபளவென்று இருந்தன. பித்தவெடிப்பில்கூட அழுக்கில்லை.

மாமனார் பாஸ்கரைப் பார்த்தார். பாஸ்கர் காலி பாட்டிலைப் பார்த்தான்.

"யாரு மாப்ள குடிச்சா? மொதப் படிகிட்ட ஒரு வாய் வெச்சேன். நாக்குல பட்டதும் தொண்டைக்குள்ள போவல, துப்பிட்டேன். படி வேற சுட்டுச்சு. இத்த என் கால்ல ஊத்திகினே வாடான்னு இவங்கிட்ட சொன்னேன்."

"குளுகுளுன்னு இருந்துச்சாம் பாவா. நுர வேற வந்துச்சு" என்றான் பாஸ்கர் பெருமையாக.

"அப்ப, சர்க்கரை எறங்கலியா மாமா?"

"வழியில ஒரு புண்ணியவதி பானகம் குடுத்துச்சு. அத்தக் குடிச்சேன். அது தித்திப்பா இருந்துச்சு."

எனக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. "துப்பற மாதிரி இருந்துச்சுன்னா ஒரு போன் பண்ணிச் சொல்ல வேணாமா மாமா?"

அவர் சங்கடத்தோடு என் தோளில் கை வைத்தார். "எப்பிடி மாப்ள சொல்றது? ஆசையா செஞ்சு குடுத்தீங்க. உங்க வூட்ல எல்லாமே அப்பிடித்தான இருக்கும்? உருண்ட, பல்பொடி... பானகமும் இப்பிடித்தான் போலன்னு நெனச்சேன்."

பாஸ்கர் திரும்பி நின்றுகொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின. நான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள என் கையிலிருந்த பாட்டிலை நீட்டினேன். "இது நெஜப் பானகம் மாமா. சத்தியமா. ஒரு வாய் குடிங்க."

மாமனார் பாட்டிலை உற்றுப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு வலது காலை முன்னால் நீட்டினார்.

"இதுல ஊத்துங்க மாப்ள."

வீடு திரும்பியபோது கௌரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மேலேயிருந்து பாஸ்கர் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். அவள் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எனக்குக் கூடத்தைக் கைகாட்டினாள். திருத்தணியில் இருக்கிற எறும்பெல்லாம், ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு, வெல்லத் துணுக்கைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லோரும் தெருவில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள்.

அடுத்த முறை காலைப் பார்த்த டாக்டர், "இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்களே, இன்னா போடறீங்க?" என்று கேட்டாராம். "எங்க மாப்ள கைப்பக்குவம்" என்று மாமனார் சொல்லியிருக்கிறார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த உண்மையான பாராட்டு அது ஒன்றுதான்.

இப்போது எங்கள் வீட்டு பாட்டில்கள் எல்லாவற்றிலும் கௌரியின் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் மாமனார் வந்தால், காபியோ மோரோ எதைக் கொடுத்தாலும், ஆள்காட்டி விரலை நனைத்து வலது காலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். நுரை வரவில்லை என்றால்தான் குடிப்பார்.