பின்னறையிலிருந்து கூப்பிட மூன்று கீ

அதட்டும்போதும் அன்பு குறையாத அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம். ஒருவர் சத்தத்தோடு, ஒருவர் சத்தமில்லாமல். அங்கே உன் முழங்கால் வலியும் அத்தானின் முன்கோபமும் சற்று அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். "ஃபோன்ல கேட்டா எல்லாம் சரியா இருக்குங்கறே. உன் சரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? விவரமா ஒரு லெட்டர் போடு, இல்லேன்னா பெட்டியோட வந்து நிப்பேன்" என்று நீ மிரட்டியதால் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடு. வேலையே இல்லை உனக்கு இங்கே. எல்லாவற்றையும் ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்கிறது.

உனக்குத் தெரிந்ததுதான், இருபது வருடம் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் பெண்டாட்டியின் தொண்டை, ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றுவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம், அது கத்துவதைவிடக் கெடுதலாம். அவளோ பின்னறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிறாள். நான் முன்னறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். வீடு திரும்பிய இரண்டாம் நாள் அவளுக்கு இருமல் வந்து தண்ணீர் தேவைப்பட்டிருக்கிறது. கூஜா மேல்தட்டில். வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது, தோளைத் தொட்டாள், நான் பேயைக் கண்டவன்போல் துள்ளியதில் காபி முழுக்கக் கீபோர்டில். மணி வாங்கிக் கொடுத்தேன். நோட்டில் எழுதிக் காட்டினாள்: "வேலைக்காரரைக் கூப்பிடற மாதிரி இருக்கு. வேண்டாம்." ஃபோன் இருக்கிறதே என்பாய். வேலை நேரத்தில் என் ஃபோன் மேஜை டிராயரில் தூங்கும், உன் அழைப்பையே நான் எடுப்பதில்லை என்று திட்டுகிறாயே, அதே ஃபோன்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இருபது வருடமாகப் புரோகிராம் எழுதுகிறவன், பெண்டாட்டிக்கு ஒன்று எழுத மாட்டேனா? அவள் எந்த வேலையில் இருந்தாலும், எந்தத் திரை திறந்திருந்தாலும், கன்ட்ரோல், ஷிஃப்ட், கூடவே 'க' எழுத்து, மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என் கம்ப்யூட்டரில் 'டிங்' என்று கேட்க வேண்டும். 'க', கூப்பிடுவதற்கு. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டருக்கும் மூன்று தாய்மொழி, அக்கா. பள்ளிக்கூடம் கொடுத்தது ஒன்று, அவள் லேப்டாப் ஒன்று, என்னுடையது ஒன்று. ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குப் புரியாது, நம் மூன்று சித்தப்பாக்கள் மாதிரி.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் முந்தி வந்தவருக்கே பந்தி. அந்த மூன்று கீயை வேறொரு புரோகிராம் ஏற்கெனவே துண்டு போட்டுப் பிடித்து வைத்திருந்தது, திரையைப் படம் எடுப்பதற்காக. 'உனக்கு இடமில்லை' என்று கம்ப்யூட்டர் எனக்குப் பதிலும் சொல்லியிருக்கிறது. பதிலைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற வரியை நான்தான் எழுத மறந்துவிட்டேன். அவள் காலை முழுவதும் அழுத்தியிருக்கிறாள். நான் இங்கே நிம்மதியாக, ஒன்றும் தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று இருந்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஒரே கேள்வித்தாளின் நாற்பத்தொரு படங்கள்.

சரி என்று ஷிஃப்ட்டுக்குப் பதில் ஆல்ட் என்று மாற்றிவிட்டு லேப்டாப்புக்குப் போனேன். அது பெரிய மனுஷி. 'இந்தப் புரோகிராம் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கீயையும் கேட்க விரும்புகிறது, சம்மதமா?' என்று திரையில் கேட்டது. அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

"நான் டைப் அடிக்கிறது எல்லாமே இதுக்குக் கேட்குமா?"

"கேட்கும். ஆனா அந்த மூணும் சேர்ந்து வந்தாத்தான் கவனிக்கும்" என்றேன்.

"இருபது வருஷமா நீங்களும் அப்படித்தான்" என்று எழுதிவிட்டுச் சம்மதத்தை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஆல்ட் என்று நான் எழுதியிருந்த பெயர் அந்த லேப்டாப்புக்கு விளங்கவில்லை, அங்கே அதற்கு வேறு பெயர், கன்ட்ரோலிலும் என் எழுத்துப்பிழை. விளங்காததை எல்லாம் உதறிவிட்டு என் புரோகிராம் மிச்சமிருந்த 'க'வை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவள் எங்கே 'க' அடித்தாலும் எழுத்து திரைக்கு வராது, எனக்கு 'டிங்' வரும். 'கணக்குத் தேர்வு' என்று அடித்திருக்கிறாள், 'ணுத் தேர்வு' என்று விழுந்திருக்கிறது. மூன்று 'க', மூன்று 'டிங்'. நான் ஓடினேன், ஒன்றுமில்லை என்று கையசைத்தாள், திரும்பினேன், 'டிங்'. ஒரு பக்கத்துக்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பத்தாவது தடவை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரிக்கவும் தடை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரத் தோள் குலுங்கச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பிழையைத் திருத்தியதோடு நான் நிறுத்தியிருக்கலாம், அக்கா. நிறுத்துவேனா? ஆபீஸ் செய்திக்கும் 'டிங்', அவளுக்கும் 'டிங்', குழப்பமாக இருக்கிறதே என்று பழைய வீடியோ ஒன்றிலிருந்து அவள் குரலையே வெட்டி எடுத்து வைத்தேன். "ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா?" அவ்வளவுதான். மறுநாள் மானேஜரோடு மீட்டிங், அந்த நேரம் பார்த்து அவள் கீயில் வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. கீயை அழுத்தியே பிடித்திருந்தால் அதையே திரும்பத் திரும்ப அழுத்தியதாக அவள் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், தடுக்கத்தான் மறந்துவிட்டேன். "ஏங்க ஏங்க ஏங்க ஏங்க" என்று ஸ்பீக்கரில் வீடே அதிர்ந்தது. மானேஜர் மெதுவாக, "சார், வீட்ல கூப்பிடறாங்கபோல. போய்ப் பாத்துட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

எழுந்து திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். முகம் வெளுத்திருந்தது. நோட்டைக் கொண்டுவரவில்லை, என் மேஜையில் கிடந்த காகிதத்தில் எழுதினாள்: "இது திரும்பி வருமா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வரும், வரும்" என்றேன். ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலையில் அவள் என்னவோ கேட்டாள், நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே 'ம்' என்றேன். என்ன கேட்டாள் என்று இப்போது கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஞாபகம் இல்லை" என்று எழுதினாள். மானேஜரும் கூட்டாளிகளும் அங்கே காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அன்றே குரலை எடுத்துவிட்டேன். இப்போது அவள் அழுத்தினால் என் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வரும், மூன்று விநாடியில் மறைந்துவிடும். நான் 'வர்றேன்' என்று ஒரு கீயில் பதில் சொல்லவும் ஏற்பாடு செய்ய நினைத்தேன். என் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. ஒரு புரோகிராம் முன்னால் இல்லாதபோது கீயை ஒட்டுக்கேட்பது அதன் சட்டப்படி குற்றமாம். அதனால் பதில் சொல்வதில்லை, நேரே எழுந்து போய்விடுகிறேன்.

ஒன்பது நாளாக ஒரு அழைப்புகூடத் தவறவில்லை, அக்கா. புள்ளியைப் பார்த்த ஞாபகமே சில சமயம் இருக்காது. ஆனால் எழுந்து போய் "கூப்பிட்டியா?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவாள். தண்ணீரோ, ஜன்னலோ, தலையணையோ, ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது. என் வாழ்க்கையில் எழுதியதிலேயே பிழையில்லாத புரோகிராம் இதுதான். ஆகவே நீ அலைய வேண்டாம்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். உன் முழங்காலுக்கு என் அன்பு. உன் வாயாலே இவள் குரல் சீக்கிரம் தேற வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, உன் வாய் பலிக்கும். கடிதத்தை எழுத்துப்பிழை பார்த்து உறையிலிடச் சொல்லி அவளிடமே கொடுக்கிறேன்.

உன் தம்பி

பின்குறிப்பு (வேறு கையெழுத்தில்): அண்ணி, எழுத்துப்பிழை ஏழு, திருத்திவிட்டேன். இன்று காலை டாக்டர் பார்த்தார். தொண்டை நன்றாக ஆறியிருக்கிறதாம், நாளையிலிருந்து தினம் ஐந்து நிமிஷம் பேசலாம். இன்னொரு விஷயம். கேள்வித்தாளில் வர்க்கமூலக் குறி போடுவதற்கும் எனக்கு அதே மூன்று கீதான் வேண்டும். அதனால் அவருடைய புரோகிராமை ஒன்பது நாளைக்கு முன்பே இரண்டு கம்ப்யூட்டரிலும் மூடிவிட்டேன். அன்றிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு எழுந்து வருகிறார். வந்து நிற்கிறவரிடம் இல்லை என்று தலையாட்ட மனசு வரவில்லை, ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் இப்போது என் பக்கத்தில் ஆறு தம்ளர் தண்ணீர் இருக்கிறது. நாளைக்குக் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில் இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை வந்து "கூப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார்.